மாசி மாதத்து மந்தம்

எண்பதுகள் முடியும் தறுவாயில், கோவில்பட்டியை அடுத்த ஒரு நூற்பாலையில் கணிப்பொறிப் பிரிவு என் பொறுப்பில் இருந்தது. பிரிவு என்று சொல்லுமளவுக்கு அதில் ஆள்கள் இல்லை. குளிரூட்டிய ஓர் அறை, அதனுள் இடுப்பளவு உயரத்தில் ஒரு பெட்டி, அறையின் சாவி, நான், அவ்வளவே. பெட்டியிலிருந்து புறப்பட்ட கம்பிகள் ஆலையின் ஐந்து இடங்களுக்குச் சென்றன. ஒவ்வோர் இடத்திலும் பச்சை எழுத்துகள் மின்னும் திரையும் விசைப்பலகையும் கொண்ட முனையம் ஒன்று இருந்தது. கரிசல் புழுதி உள்ளே புகுந்துவிடக் கூடாது என்று கதவிடுக்கில் ஈரத்துணி திணித்து வைப்பேன். நான் இல்லாத நேரத்தில் யாரேனும் செருப்புடன் நுழைந்தார்களா என்று தரையைக் குனிந்து பார்ப்பதும் என் அன்றாட வேலைகளுள் ஒன்று.

அப்பெட்டி பருத்தியைப் பற்றிய செய்திகளைக் காத்துவந்தது. எங்கள் ஆலையோடு விதை நீக்கும் கூடமும் சேர்ந்திருந்தமையால், விளாத்திகுளம் பக்கத்து ஊர்களிலிருந்து பருத்தி நேராக எங்களிடமே வரும். வந்த வண்டி, அதன் ஊர், பொதிகளின் எடை, இழையின் நீளம், ஈரம், கிடங்கில் அடுக்கிய இடம் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அட்டவணை. ஒரு பொதியின் எண்ணைக் கொடுத்தால், இந்த அட்டவணைகளை ஒன்றோடொன்று பொருத்தி அப்பொதியின் முழு வரலாற்றையும் காட்டக்கூடிய தரவுத்தளம் அது. நாள்தோறும் காலை ஒன்பதரை மணிக்கு அதிலிருந்து 'கலவைப் பட்டியல்' என்றொரு தாள் அச்சாக வேண்டும். அன்று எந்தப் பொதியை எதனோடு எவ்வளவு கலந்தால் நூல் சீராக வரும் என்பதை அத்தாள் கூறும். பஞ்சு கலக்கும் கூடத்தில் இருபது பேர் அதற்காகக் காத்து நிற்பார்கள். கேட்ட நான்கு நிமிடத்தில் பட்டியல் கைக்கு வந்துவிடும்.

மார்கழியிலும் தையிலும் ஒரு குறையும் இல்லை. மாசி பிறந்து நான்கைந்து நாள் சென்றபின், ஒரு காலை, பட்டியல் வர நாற்பது நிமிடம் ஆயிற்று. மறுநாளும் அவ்வாறே. அந்நேரத்தில் மற்ற முனையங்களும் சேர்ந்து மந்தமாயின. ஒரு விசையைத் தட்டினால் எழுத்து திரைக்கு வருவதற்குள் ஒருமுறை மூச்சை இழுத்து விட்டுவிடலாம். பெட்டியின் முகப்பில், வட்டு படிக்கப்படுவதைக் காட்டும் சிறு சிவப்பு விளக்கு இமைக்காமல் எரிந்துகொண்டிருந்தது.

"என்ன புலவரே, உங்க பெட்டி இன்னைக்கும் படுத்துட்டா?" என்றார் மேலாளர். தூய தமிழில் பேசுகிறேன் என்பதற்காக அவர் எனக்கு இட்ட பெயர் அது.

"மந்தமாக இருக்கிறது. காரணத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன்."

"தேடுங்க, தேடுங்க. அங்கன இருவது பேரு கையக் கட்டிக்கிட்டு நிக்கான். பேரேட்டுல எழுதுன காலத்துல ஒம்போது மணிக்கெல்லாம் கலவை போட்டாச்சு, தெரியும்லா?"

எந்த முனையத்தின் வேலை வட்டை மிகுதியாக உழைக்க வைக்கிறது என்று வரிசைப்படுத்திக் காட்டும் ஒரு கட்டளை உண்டு. அதை இயக்கிப் பார்த்தேன். முதலிடத்தில் கலவைப் பிரிவின் முனையம் நின்றது. மறுநாள் பார்த்தேன், மீண்டும் அதுவே. மந்தமான நாள்களிலெல்லாம் அதுவே.

அம்முனையத்தில் அமர்ந்து பட்டியல் எடுப்பவர் ஓர் இளம்பெண். குளத்தூருக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து இரண்டு பேருந்து மாறி நாள்தோறும் வந்து சென்றார். தட்டச்சு கற்றவர், மானாவாரி மிளகாய் பயிரிடும் அவ்வீட்டிலிருந்து மாதச் சம்பள வேலைக்குப் புறப்பட்ட முதல் ஆள். மூன்று மாதம் சோதனைக் காலம். அது முடிந்தபின் அவரை நிலையாக வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா என்பது நான் எழுதும் அறிக்கையைப் பொறுத்தது. அவர் வேலையில் சேர்ந்தது மாசி முதல் நாள். மந்தம் தொடங்கியது அதே வாரம்.

இதற்கு மேல் ஒன்றையும் அறிந்தேன். கலவைப் பேரேட்டை நெடுங்காலம் கையால் எழுதிவந்தவர் அப்பெண்ணின் தாய்மாமன். கணிப்பொறி வந்தபின் அவரை ஆலை வாயிலில் காவலுக்கு மாற்றியிருந்தார்கள். பட்டியல் தாமதமானால் பேரேடு திரும்பி வரும். பேரேடு வந்தால் மாமனும் தம் மேசைக்கு வருவார். இக்கணக்கை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானே கூட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து வாயிலைக் கடக்கும்போது அவர் வைக்கும் வணக்கத்தில்கூட ஏதோ மறைந்திருப்பதாக எனக்குத் தோன்றத் தொடங்கியது.

ஒருநாள் அப்பெண்ணிடமே கேட்டேன்.

"இன்று காலை எத்தனை முறை பட்டியலைக் கேட்டீர்கள்?"

"ஒரு தடவைதான் சார்."

"ஒருமுறை கேட்டதற்கு நாற்பது நிமிடம் ஆகாது."

"அதத்தான் சார் நானும் நெனைக்கேன். ஒரு தடவ கேட்டா நாலு நிமிசத்துல வரணும்லா?"

விடையில் பிழையில்லை. ஆனால் அவர் என் முகத்தை நேராகப் பார்த்து அதைச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை.

பெட்டியை விற்ற நிறுவனத்திலிருந்து ஒரு பொறியாளரைச் சென்னையிலிருந்து வரவழைத்தோம். வந்த மறுகணமே "மெமரி பத்தல சார்" என்றார். அதன்பின்தான் பெட்டியைப் பார்த்தார். நினைவகத்தில் தரவுத்தளத்துக்கு ஒதுக்கியிருந்த பகுதியைப் பெரிதாக்கினார். பொதி எண்ணைக் கொண்டு விரைந்து தேடுவதற்குப் புதிய சுட்டுவரிசை ஒன்றை அமைத்தார். சிதறிக் கிடந்த அட்டவணைகளை வட்டில் ஒழுங்காக அடுக்கினார். இரண்டு நாள் உழைப்பின் பயனாக, நல்ல நாள்களில் நான்கு நிமிடம் எடுத்த பட்டியல் மூன்று நிமிடத்தில் வந்தது. மந்தமான நாள்களில் நாற்பது நிமிடம் எடுத்தது முப்பதாகக் குறைந்தது. இரண்டுக்கும் இடையே பத்து மடங்கு என்னும் விகிதம் அசையாமல் இருந்ததைக் கணிதம் பயின்ற நான் கவனித்திருக்க வேண்டும். அவ்வேளையில் என் கவனம் எண்களில் இல்லை.

புறப்படும்போது பொறியாளர் என் காதருகே குனிந்தார். "சார், லிஸ்ட்ல எப்பவும் மேல யாரு நிக்கறாங்க, பாத்தீங்களா? அந்த மேடம்தான். யூசர் சரியில்லன்னா எந்த மெஷினும் ஓடாது சார்."

என் நெஞ்சில் இருந்ததை ஒரு வல்லுநரின் வாயால் கேட்டதில் எனக்கு மனநிறைவே உண்டாயிற்று என்பதை மறைக்க விரும்பவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் எனக்குக் கூட்டங்கள் இல்லை. ஆகையால் ஒரு வெள்ளியன்று காலை முழுவதும் அப்பெண்ணின் பக்கத்தில் நாற்காலி போட்டு அமர்ந்தேன். பட்டியல் மூன்று நிமிடத்தில் வந்தது. சனியன்று நான் போகவில்லை, முப்பது நிமிடம். திங்களும் அவ்வாறே. செவ்வாயன்று மீண்டும் பக்கத்தில் அமர்ந்தேன். மூன்று நிமிடம்!

"சார், நீங்க டெய்லி இங்கனயே உக்காந்துருங்க," என்றார் அப்பெண், சிரித்தபடி. "பெட்டிக்கு உங்களக் கண்டாத்தான் பயம்."

அதை ஏளனம் என்று எடுத்துக்கொண்டேன். ஏளனத்துக்குள் ஓர் ஒப்புதல் இருப்பதாகவும் எண்ணினேன். என் குறிப்பேட்டில் நாள், நேரம், நான் இருந்தேனா இல்லையா என்று மூன்று பத்திகள் இட்டிருந்தேன். நான் இருந்த நாள்களில் மந்தம் இல்லை. இதைவிட வேறு சான்று வேண்டுமா என்று தோன்றிற்று.

ஆயினும் முறைப்படி ஒரு சோதனை செய்துவிடுவது நன்று என்று கருதினேன். குறை எதனால் என்று அறிய, ஐயத்துக்குரிய ஒன்றை மட்டும் அகற்றிவிட்டு மற்றவற்றை அப்படியே விட்டுப் பார்ப்பது எங்கள் பயிற்சியில் கற்ற வழி. பங்குனியில் ஒரு வாரம் அப்பெண்ணைப் பழைய தாள்களை அடுக்கும் வேலைக்கு அனுப்பிவிட்டு, அவருடைய முனையத்தில் நானே அமர்ந்தேன். ஆறு நாளும் பட்டியல் மூன்று நிமிடத்தில் வந்தது.

ஆறாம் நாள் மாலையே அறிக்கையை எழுதினேன். மூன்று பக்கம். 'மந்தத்துக்குக் காரணம் முனையத்தை இயக்குபவரே என்பது ஐயத்துக்கு இடமின்றித் தெளிவாகிறது' என்று முடித்திருந்தேன். மேலாளர் கண்ணாடியை ஏற்றிவிட்டு முழுவதும் படித்தார்.

"தமிழ் நல்லாருக்கு," என்றார். "அனுப்பிருவோம்."

செய்தி சொன்னபோது அப்பெண் அழவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சார், எப்பல்லாம் சுணங்குச்சுன்னு எழுதியிருக்கீங்க. நான் என்ன செஞ்சு சுணங்குச்சு? அத மட்டும் சொல்லுங்க. ஒத்துக்கிடுதேன்."

எப்போது என்பதற்கு என் குறிப்பேட்டில் பக்கம் பக்கமாகச் சான்று இருந்தது. எப்படி என்பதற்கு ஒரு வரியும் இல்லை. "மேலாளர் முடிவு செய்துவிட்டார்" என்று சொல்லிவிட்டு என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அடுத்த திங்கட்கிழமை அவருடைய நாற்காலியில் நான் அமர்ந்து பட்டியலைக் கேட்டேன். முப்பது நிமிடம் ஆயிற்று.

முதலில் வாயிலில் இருக்கும் மாமனை நினைத்தேன். மருமகளை அனுப்பிவிட்ட சினத்தில் ஏதோ செய்துவிட்டாரோ? அவர் முனையத்தைத் தொட்டதே இல்லை; இருந்தும் நினைத்தேன். கம்பிகள் செல்லும் வழியெங்கும் நடந்து, எங்கேனும் கத்தி பட்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தேன். பிறகு உழைப்பு வரிசையை இயக்கினேன். முதலிடத்தில் கலவைப் பிரிவின் முனையம் இருந்தது. அதன் முன்னால் அமர்ந்திருப்பவன் நான். என் அறிக்கையின் தருக்கப்படி, மந்தத்தை உண்டாக்குபவன் நான்தான்.

அப்போதுதான் வேறொரு கட்டளையின் நினைவு வந்தது. ஒரு பதிவை ஒருவர் திருத்தத் தொடங்கினால், அவர் முடிக்கும் வரை மற்றவர் அதைத் தொடாதபடி தரவுத்தளம் அதன்மேல் ஒரு பூட்டை இடும். எந்தெந்த முனையம் எப்பதிவைப் பூட்டி வைத்திருக்கிறது என்று காட்டும் கட்டளை அது. வேறு யாரும் இயக்கக் கூடாதென்று அதை எனக்கு மட்டுமே உரியதாக வைத்திருந்தேன். வைத்திருந்து, ஒருமுறைகூட இயக்கியதில்லை. இதுவரை மிகுதியாக உழைப்பவரையே தேடிவந்தேன். ஒன்றும் செய்யாமல் அசையாது நிற்கும் ஒருவர் காரணமாக இருக்கக்கூடும் என்று எண்ணவே இல்லை.

பூட்டுப் பட்டியலில் ஒரே ஒரு வரி வந்தது. பருத்திக் கிடங்கின் உள்ளறை முனையம். காலை எட்டேகால் முதல் ஒரு பதிவைப் பிடித்துக்கொண்டிருந்தது.

கிடங்கில் இரண்டு முனையங்கள் உண்டு. ஒன்று வெளியே எடை மேடையில், மற்றொன்று உள்ளறையில். இரண்டுக்கும் பொறுப்பு எடை போடுபவரே. ஐம்பது வயதைக் கடந்தவர். விளாத்திகுளத்துக்குத் தெற்கே ஓர் ஊரின் வேளாண் குடும்பத்தவர். ஆலையில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. குடையை எடுத்துக்கொண்டு மைதானத்தைக் கடந்து கிடங்குக்குப் போனேன். நான் சேர்வதற்குள் அவர் வாசலில் வந்து நின்றார்.

"வாங்க சார். எதுக்கு இந்த வெயில்ல வருதீங்க? சொல்லி அனுப்புனா நான் வந்திருப்பேன்லா. கலர் குடிக்கீங்களா?"

உள்ளறைத் திரை வெறுமையாக இருந்தது. என் அறைக்குத் திரும்பிப் பூட்டுப் பட்டியலைப் பார்த்தேன். பூட்டு இல்லை.

புதன்கிழமையும் இதுவே நடந்தது. எட்டே முக்காலுக்குப் பூட்டு இருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது அண்ணாச்சி வாசலில் இருந்தார், திரை வெறுமையாக இருந்தது, கலர் கிடைத்தது. இனி ஐயமில்லை என்று உறுதி கொண்டேன். நான் வருவதை யாரோ முன்கூட்டிச் சொல்கிறார்கள். வாயிலில் இருக்கும் மாமனும் எடை மேடையில் இருக்கும் அண்ணாச்சியும் ஒரே பேருந்தில் வருபவர்கள் என்பதும் என் நினைவுக்கு வந்தது. ஒருத்தியைக் காப்பாற்ற இருவர் சேர்ந்துகொண்டார்கள் என்று முடிவு கட்டினேன். அவர்கள் காப்பாற்றுவதற்கு அப்பெண்தான் ஆலையிலேயே இல்லையே என்று என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை.

வியாழனன்று குடையை அறையிலேயே விட்டுவிட்டு, விதை நீக்கும் கூடத்தின் வழியாகச் சுற்றிக்கொண்டு போனேன். தலையும் தோளும் பஞ்சு படிய, கிடங்கின் பின்கதவால் உள்ளறைக்குள் நுழைந்தேன். திரையில் ஒரு பதிவு திறந்திருந்தது. அன்றைய முதல் வண்டியின் பதிவு. ஊர், பொதிகள், எடை எல்லாம் நிரப்பியாயிற்று. குறிப்புக்குரிய இடத்தில் ஆங்கில எழுத்துகளில் 'லாபம்' என்று தட்டியிருந்தது. முடிப்பதற்குரிய விசையை மட்டும் யாரும் அழுத்தவில்லை. வெளியே மேடையில் அண்ணாச்சி இரண்டாம் வண்டியை எடை போட்டு, அங்கிருந்த முனையத்தில் பதிந்துகொண்டிருந்தார்.

என்னைக் கண்டதும் பதறி உள்ளே வந்து விசையை நோக்கிக் கையை நீட்டினார்.

"முடிச்சிருதேன் சார், இந்தா."

"முடிக்க வேண்டாம். ஏன் முடிக்காமல் வைத்திருக்கிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள் அண்ணாச்சி."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் வியப்பே இருந்தது. "மொத வண்டில்லா சார் அது."

"அதனால்?"

"களத்துல அளக்கும்போது மொத மரக்கால 'ஒண்ணு'ன்னா சொல்லுவோம்? 'லாபம்'னு சொல்லி அளந்து தனியா வைப்போம். எங்க ஊர்ல அந்த மொத அளவு கடைசியிலதான் மூடைக்குள்ள போகும். அத முந்தியே அள்ளிக் கட்டிட்டா வரத்து அதோட நின்னுரும்பாவ. நோட்டுல எழுதுன காலத்துலயும் மொத வரியப் பாதி எழுதி விட்டுட்டு, சாயங்காலம் கடைசி வண்டி போனப்பறம்தான் முடிப்பேன். ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலயே. இப்போ இந்தத் திரை வந்திருக்கு. ரெண்டு திரை இருக்குல்லா, ஒண்ணுல மொத வண்டி நிக்கட்டும்னு விட்டுருதேன்."

"நான் வந்தபோதெல்லாம் முடித்துவிட்டீர்களே?"

"ஆபீசர் வரும்போது வேலையப் பாக்கி வச்சிக்கிட்டா நிப்பாங்க? உங்க குடை மைதானத்துல ஏறும்போதே தெரியும். முடிச்சிட்டு வாசலுக்கு வந்துருவேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அதுலயும் பாருங்க சார், நீங்க வந்த ரெண்டு நாளும் அதுக்கப்பறம் ஒரு வண்டி வரல."

அவருக்கும் என்மேல் ஓர் ஐயம் இருந்திருக்கிறது.

"செவ்வாய், வெள்ளிகளில் இப்படிச் செய்வதில்லையா?"

"செவ்வா வெள்ளில எவன் சார் வெள்ளாமைய வீட்டுலருந்து வெளிய அனுப்புவான்? வண்டியே வராதே."

"பங்குனியில் அந்த ஒரு வாரம்?"

"அம்மன் கோயில் பொங்கலுக்குக் காப்புக் கட்டியாச்சுன்னா ஊரவிட்டு ஒரு பொதி நகராது. உங்களுக்குத் தெரியாததா?"

எனக்குத் தெரிந்ததுதான். என் வீட்டிலும் வெள்ளிக்கிழமை எதையும் வெளியே கொடுப்பதில்லை. குறிப்பேட்டைத் திறந்து பார்த்தேன். நான் அப்பெண்ணின் பக்கத்தில் அமர்ந்தவை வெள்ளியும் செவ்வாயும். நானே முனையத்தில் அமர்ந்தது கோயில் பொங்கல் வாரம். நான் இருந்தேனா என்று ஒரு பத்தி இட்டிருந்த குறிப்பேட்டில், வண்டி வந்ததா என்று ஒரு பத்தி இல்லை. மாசியில் வேலைக்கு வந்தவர் அப்பெண் ஒருவர் மட்டுமல்லர். அவ்வாண்டின் புதுப்பருத்தியும் அவ்வாரமே முதன்முதலாக வந்திருந்தது.

பத்து மடங்குக்கும் விடை கிடைத்தது. கலவைப் பட்டியலை உருவாக்கும் நிரல், இருப்பு முழுவதையும் வரிசையாகப் படித்துக்கொண்டு வரும். கடைசியில் அன்றைய புதுப்பதிவை அடைந்து அது பூட்டியிருக்கக் கண்டால், படித்ததை விட்டுவிட்டு மீண்டும் தொடக்கத்திலிருந்து படிக்கும். பத்து முறை முயன்று தோற்றால், பூட்டைப் பொருட்படுத்தாமல் பட்டியலை அச்சிட்டுவிடும். அப்பெண் ஒருமுறை கேட்டார். நிரல் பத்து முறை படித்தது. உழைப்பு வரிசையின் உச்சியில் அவர் நின்றதற்குக் காரணம், மற்றெவரைக் காட்டிலும் மிகுதியாகக் காக்க வைக்கப்பட்டவர் அவர் என்பதே.

பதிவைத் திறந்த நொடியே பூட்டு விழ வேண்டும் என்று விதித்தவர் யார்? பெட்டியை நிறுவியபோது நான் கைப்பட எழுதிக் கொடுத்த தாள் என் அலமாரியில் இருந்தது. எடை மேடையில் ஒருவரும் உள்ளறையில் ஒருவருமாக அமர்ந்து ஒரே வண்டியின் எடையை ஆளுக்கொரு விதமாக மாற்றிவிடக் கூடும் என்று ஐயுற்று, திறந்தது முதல் முடிக்கும் வரை பூட்டு இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தேன். நிறுவனத்தார் அதைத் தடுத்துப் பேசியதும், நான் வலியுறுத்தியதும் அத்தாளிலேயே இருந்தன.

இரண்டு நாளில் நிரலைத் திருத்தினேன். பதிவைத் திறக்கும்போது பூட்டு இல்லை. முடிப்பு விசையை அழுத்தும் அந்த ஒரு கணம் மட்டும் பூட்டு; இடையில் வேறு யாரேனும் அதை மாற்றியிருந்தால் திரை எச்சரிக்கும். அண்ணாச்சி தம் முதல் வண்டியைச் சாயங்காலம் வரை திரையில் நிறுத்தி வைத்துக்கொள்ளலாம். சனியன்று ஏழு வண்டி வந்தது. பட்டியல் மூன்று நிமிடத்தில் வந்தது.

மேலாளர் எல்லாவற்றையும் கேட்டார். "அப்போ தப்பு அந்த எடைக்காரன் மேல. அப்படித்தானே?"

"இல்லை. பூட்டை அவ்வாறு அமைக்கச் சொன்னவன் நான். எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன்." இரண்டாம் அறிக்கையை நீட்டினேன். அதுவும் மூன்று பக்கம்.

"உங்களை நான் எப்படிய்யா வேலையை விட்டு அனுப்ப? பெட்டியை யாரு பாக்க?" தாளைப் பிரிக்காமலே மேசையில் போட்டார். "அந்தப் பிள்ளைய வரச் சொல்லுங்க. மாமன்காரன்கிட்டச் சொல்லி விடுங்க."

மாமன் போய்ச் சொல்லிவிட்டு, திங்களன்று என் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். "வர மாட்டாளாம் சார்," என்றார். அன்று அவர் முகத்தை முதன்முறையாகச் சரியாகப் பார்த்தேன். என்மேல் கோபம் இருந்தது. பேரேட்டைப் பற்றிய நினைவு அதில் எங்கும் இல்லை.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை நானே புறப்பட்டேன். பேருந்து விட்ட இடத்திலிருந்து மண்தடத்தில் நெடுந்தூரம் நடக்க வேண்டியிருந்தது. வீட்டை ஒட்டிய தரிசில் மிளகாய்ப்பழம் காயப் பரப்பியிருந்தார்கள். அப்பெண் குனிந்து கிளறிவிட்டுக்கொண்டிருந்தார். தாயார்தான் என்னை முதலில் கண்டார்.

"ஏட்டி, ஆலையிலருந்து யாரோ வந்திருக்காவ."

அப்பெண் நிமிர்ந்தார். கையைத் துடைத்துக்கொண்டாரே தவிர, அருகில் வரவில்லை. காரணம் தெரிந்துவிட்டது என்றும், வேலைக்குத் திரும்பி வர வேண்டும் என்றும் சொன்னேன். இரண்டாம் அறிக்கையின் படியைக் கொடுத்தேன். வெயிலில் நின்றபடியே மூன்று பக்கத்தையும் படித்தார். இரண்டாம் பக்கத்துக்கு ஒருமுறை திரும்பிப் போனார்.

"அண்ணாச்சிய அனுப்பப் போறீங்களா?"

"இல்லை."

"மொத தாளு என்ன ஆச்சு?"

"கோப்பில் இருக்கிறது."

"ரெண்டும் ஒண்ணா இருக்கட்டும்," என்றார். "சார், நாளைக்கு வேற எதாச்சும் சுணங்கும். அப்பவும் மேல என் பேருதான் வரும். நீங்க மறுபடி குறிப்பெழுத ஆரம்பிப்பீங்க. யாரு பூட்டு போட்டுருக்காங்கன்னு பாக்குற அந்தக் கட்டளைய எனக்கும் தரணும். தந்தா வாரேன்."

அக்கட்டளை இயக்குபவர்களுக்கு உரியதன்று. எந்த முனையத்தில் எவர் எதைத் திறந்து வைத்திருக்கிறார் என்பதெல்லாம் அதில் தெரியும், என்னுடையதும் தெரியும். அதை வைத்துக்கொண்டு என்னென்ன செய்யலாம் என்று என் மனம் அவ்வெயிலிலும் வரிசையாக எண்ணத் தொடங்கியது.

"யோசிக்கீங்கள்லா சார்," என்றார் அவர்.

பையிலிருந்து தாள் எடுத்து, அக்கட்டளையை இயக்க இன்னாருக்கு உரிமை அளிக்கப்படுகிறது என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தேன். அவர் படித்தார். தகப்பனாரைக் கூப்பிட்டு அவரையும் படிக்கச் சொன்னார். பிறகு தாளை என்னிடமே திருப்பித் தந்தார்.

"மேனேஜர் கையெழுத்து இல்லயே சார். அதையும் வாங்கிட்டு வாங்க. அப்பறம் பாப்போம்."

திங்களன்று மேலாளரின் கையொப்பத்தை வாங்கிக்கொண்டு பிற்பகல் பேருந்தில் மீண்டும் போனேன். தடத்தில் என்னைக் கண்டதுமே தாயாரின் குரல் எழுந்தது. "ஏட்டி, ஆலைக்காரவிய இன்னைக்கும் வந்துட்டாவ. சோத்தப் போடவா, மிளகா கிளறக் கூட்டிட்டுப் போகவா?" தகப்பனார் சிரித்துவிட்டார். அப்பெண் சிரிக்கவில்லை. கையொப்பத்தின் கீழே நாள் குறித்திருக்கிறதா என்று பார்த்து, தாளை நான்காக மடித்து வைத்துக்கொண்டு, "நாளைக்கு மொத பஸ்ஸுல வாரேன்" என்றார்.

வந்தார். கலவைப் பிரிவில் நான் காத்திருந்தேன். நாற்காலியில் அமராமல், நின்றபடியே குனிந்து, பட்டியலைக் கேட்பதற்கு முன்னால் அக்கட்டளையைத் தட்டினார். எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தேடித் தட்டும்போது நான் உதவ வாயெடுத்தேன். அவர் கையை உயர்த்தித் தடுத்தார். திரையில் ஒரு வரியும் வரவில்லை. சற்றுப் பொறுத்து மறுமுறையும் தட்டிப் பார்த்தார். அப்போதும் வெறுமையாகவே இருந்தது. அதன் பிறகே நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார்.